படுக்கை இல்லை என்று கைவிரிக்க சர்க்காருக்கு உரிமை உண்டா?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சட்டம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது போலீசும் ஜப்தியும்தான். நமது அனுபவம் அப்படி. ஆனால் நம்மைப் போன்ற ஒரு கூலியாள் ஆஸ்பத்திரி வாசல்களில் பட்ட பாட்டிலிருந்து பிறந்த சட்டமும் ஒன்று உண்டு. அதைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

1992 ஜூலை 8. மேற்கு வங்கத்தில் மதுராபூர் ஸ்டேஷன். இரவு ஏழே முக்கால் மணிக்கு ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. மூளைக்குள் ரத்தக் கசிவு. அங்கிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியில்லை. கல்கத்தாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் முதல் பெரிய ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள். உடனே சேர்க்க வேண்டுமென்று டாக்டரே எழுதினார். ஆனால் படுக்கை இல்லை! அடுத்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. ஒரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு இன்னொன்று. பொழுது விடிந்தும் அலைச்சல் ஓயவில்லை. காசு கொடுத்து வெளியே எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இது அவசர கேஸ், இங்கே முடியாது என்றது ஒரு நிலையம். அவசரம் என்பதற்காகவே திருப்பி அனுப்பினார்கள்! கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, ஜூலை 22 வரை கிடந்தார். செலவு சுமார் 17,000 ரூபாய். கூலிக்காரன் வீட்டில் அத்தனை பணம் ஏது?

மேற்கு வங்கத்தின் கேத் மஸ்தூர் சமிதி, அதாவது விவசாயத் தொழிலாளர் சங்கம், அவரோடு சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அன்று அங்கே ஆண்டது இடது முன்னணி சர்க்கார். இதை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆள்வது யாரானாலும் சங்கம் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும்.

விசாரணைக் கமிட்டி என்ன சொல்லிற்று? படுக்கை இல்லாவிட்டால் தற்காலிகமாகத் தரையிலாவது கிடத்தியிருக்கலாம் என்றது. இதைச் சொல்ல ஒரு கமிட்டி வேண்டியிருந்தது!

1996 மே 6-ம் தேதி தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. அவசர சிகிச்சை தராமல் சர்க்கார் ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பினால் அந்த உரிமை பறிபோகிறது. பணமில்லை என்று சர்க்கார் தப்பிக்க முடியாது. நஷ்டஈடு 25,000 ரூபாய். அந்த ஒரு இரவுக்கு இது ஈடாகுமா என்பது வேறு விஷயம். மற்ற மாநில சர்க்கார்களும் இதன்படி நடக்க வேண்டும் என்றும் கோர்ட் கூறியது. ஆகவே இது வங்கத்துக்கு மட்டுமான சங்கதி அல்ல.

தனியார் டாக்டருக்கும் கடமை உண்டு. விபத்தில் அடிபட்டவரைப் போலீஸ் வரட்டும் என்று காக்கவைக்கக் கூடாது. முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும். இது 1989-லேயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. மெஷினில் கை சிக்கிய தோழரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது இதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. நோயாளியின் பெயர், வந்த தேதி, நேரம், சேர்த்தார்களா, எங்கே அனுப்பினார்கள் என்பதையெல்லாம் டாக்டர் ரிஜிஸ்தரில் தெளிவாக எழுத வேண்டும் என்பதும் அந்தக் கமிட்டியின் சிபாரிசு. திருப்பி அனுப்பினால் வாய்ச்சண்டை போட்டு நேரத்தைக் கடத்த வேண்டாம். நான்கு பேர் வண்டியோடு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். ஒருவர் மட்டும் அங்கேயே நின்று, காரணத்தையும் மணியையும் எழுதிய சீட்டை வாங்கி, மறுநாள் காலையில் சங்க ஆபீசில் கொண்டுவந்து கொடுக்கட்டும்.