ஒலிபெருக்கியும் ஊர்ப்பொதுவும்

(காரைக்கால்மேட்டில் நம்மவர் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விஞ்ஞானக் கருவிகளால் நம் மீனவ சமூகம் அடையத்தக்க நன்மை யாது என்பதே இன்று நம்மைப் பேசப் பணித்த பொருள். நன்மை உண்டென்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், அந்நன்மை யாரைச் சேர்கின்றது என்னும் வினாவையே நாம் முதற்கண் எழுப்ப விரும்புகின்றோம். கருவி ஊருக்குள் வந்தமையாலேயே நீதியும் உடன் வந்துவிட்டதென எண்ணுதல் பெரும் பிழையாகும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை இம்மேட்டிலுள்ளார்க்கு நினைப்பூட்ட வேண்டுவதில்லை. புதுவை ஆட்சிப் பகுதியில் அன்று மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் நம் காரைக்கால் கடற்கரையினரே. அதே காலையில், புதுவைக்குத் தெற்கேயுள்ள நல்லவாடு என்னும் மீனவ கிராமத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர், கடல் பொங்கிய செய்தியறிந்து டெலிபோன் வழியே தம் ஊரை எச்சரித்தார். ஊரார் தகவல் நிலையத்தின் கதவை உடைத்துட்புகுந்து, ஆங்கிருந்த ஒலிபெருக்கியில் கூவினர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் ஓடிப் பிழைத்தனர். வீடுகளும் படகுகளும் பல அழிந்தன; உயிர் ஒன்றும் போகவில்லை.

அந்நிலையம் எவ்வாறு வந்தது? 1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், கனடா நாட்டு ஆராய்ச்சி நிலையமொன்றின் பொருளுதவியோடு, புதுவைக் கிராமங்களில் இத்தகைய நிலையங்களைத் தொடங்கினர். வில்லியனூர் அவற்றிற்கு நடுநாயகமாய் நின்றது. டெலிபோன் வசதி குன்றிய காலமாதலின் கம்பியில்லாக் கருவியாலும், மின்சாரம் நம்பத்தகாததாகலின் சூரிய ஒளியாலும் அவை இயங்கின. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையார் வெளியிடும் அலை உயரக் கணிப்பைக் கணிப்பொறியிற் பெற்று, ஒலிபெருக்கியில் தமிழிற் படித்தனர். எழுத்தறியாத கிழவரும் அதனைக் கேட்டே வலை எடுத்தனர்.

இதனினும் சிறந்தது அந்நிறுவனத்தார் விதித்த நிபந்தனை. ஊரார் வாடகையின்றி இடம் தருதல் வேண்டும். அவ்விடம் ஸ்திரீகளுக்கும், தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட எச்சாதியார்க்கும் தடையின்றித் திறந்திருத்தல் வேண்டும் என்பதாம். நிலையங்களை நடத்தியவருள் பலர் கிராமத்துப் பெண்களே. நல்லவாட்டார் கதவை உடைக்கத் துணிந்தது ஏன்? அஃது அயலானுடைய பண்டசாலையன்று, தம் ஊர்ப்பொது என்று கருதினமையாலன்றோ!

நிற்க. இப்பொழுது நம் நிலை யாது? ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையத்தார் மீன் திரளும் இடத்தையும், அலையையும், காற்றையும் நாள்தோறும் கணித்து அறிவிக்கின்றனர். 2007-ஆம் ஆண்டு முதல் சுனாமி எச்சரிக்கையும் ஆங்கிருந்தே பிறக்கின்றது. ஆனால் அன்று ஊர் முழுதும் ஒருங்கே கேட்ட செய்தி, இன்று செல்போன் உடையவன் கையிலே அடங்கிப் போயிற்று. விலையுயர்ந்த கருவி படகின் சொந்தக்காரரிடம். பங்குக்குச் செல்லும் தொழிலாளி அவர் சொன்னதைக் கேட்பவன். விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடை சுமக்கும் நம் தாய்மார்க்கோ அதுவும் இல்லை.

கேரளத்தின் வட கடற்கரையில் 1997 முதல் 2001 வரை செல்போன் பரவியதை ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் ஆராய்ந்து, 2007-இல் வெளியிட்டார். எத்துறையில் விலை மிகுதியென்று கடலிலிருந்தே அறிந்தமையால் மீனவர் இலாபம் 8 சதவிகிதம் உயர்ந்தது. வாங்குவோர்க்கு விலையும் 4 சதவிகிதம் குறைந்தது. மகிழத்தக்க செய்தியே! ஆயின், வியாபாரியிடம் முன்பணம் பெற்று, பிடித்த மீனையெல்லாம் அவரிடமே போடக் கடமைப்பட்டவனுக்கு, அடுத்த துறையின் விலை தெரிந்தென்ன பயன்? அறிவு கையிலிருந்தும் கால் கட்டுண்டு கிடக்கின்றானன்றோ!

சகோதரர்களே! அயலாரைக் குறைகூறி நாம் அமைதல் தகாது. சுனாமிக்குப்பின் பல கடலோர ஊர்களில் நிவாரணம் படகுடையாரையே முதலில் அடைந்தது. மீன் விற்கும் ஸ்திரீகளும், கரையில் கூலி செய்து பிழைத்த தாழ்த்தப்பட்ட மக்களும் பின்னே தள்ளப்பட்டனர். தலைக்கட்டு வரி கொடுக்கும் ஆடவரே ஊர்க்கூட்டத்தில் அமரும் நம் வழக்கமும் அதற்கொரு காரணம். கூட்டத்தில் இடமில்லாதார்க்குக் கணக்கிலும் இடமில்லாது போயிற்று. நமக்கு நீதி வேண்டுமென்று சர்க்காரிடம் முறையிடும் நாம், நம் கீழுள்ளாருக்கு அதனை மறுப்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆதலின் நம் சமூகத்தார் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, காற்று, அலை, ஏல விலை, சர்க்கார் உதவி ஆகியவற்றை நாள்தோறும் இருவேளை ஊர் ஒலிபெருக்கியில் படித்தல் வேண்டும். இரண்டாவது, அதன் பொறுப்பும் திறவுகோலும் ஆடவரோடு பெண்களிடமும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, அவ்விடத்தின் வாயில் எச்சாதியார்க்கும் அடைபடலாகாது. நான்காவது, முன்பணக் கட்டிலிருந்து தொழிலாளரை மீட்கச் சிறுகச் சிறுகப் பொதுநிதி சேர்த்தல் வேண்டும். முதல் மூன்றிற்கும் பெருஞ்செலவில்லை, மனமே வேண்டுவது. நான்காவது கடினமே. ஆயினும் அஃதின்றி ஏனையவற்றின் பயன் பாதியே.

கடல் வரும்பொழுது படகுடையான், இல்லான் என்று பார்த்து வருவதில்லை. அதனை முன்கூட்டி அறிவிக்கும் குரலும் அவ்வாறே எல்லார் செவியிலும் விழுதல் வேண்டும். நல்லவாடு பெற்ற பேற்றினை இம்மேடும் பெறுக!