மருந்துக்கு அடையாளம், மனிதருக்குக் காப்பு

 

கற்றோர் கூடும் இக்கருத்தரங்குக்கு ஏற்ற ஊர் திருபுவனை. 1048-ஆம் ஆண்டில் இங்கே ஒரு கல்லூரி நடந்தது. சோழ மன்னன் முதலாம் இராசாதிராசன் காலக் கல்வெட்டு 260 மாணாக்கர்களையும் 12 ஆசிரியர்களையும் குறிப்பதோடு, அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல்லையும் சொல்கிறது. பொதுக் காரியத்துக்கு ஊரறியக் கணக்கு வைத்த மண் இது.

2025 இறுதியில் புதுச்சேரி சி.பி.சி.ஐ.டி. போலீசார் போலி மருந்து வழக்கில் சோதனை நடத்தியபோது, இதே பகுதியைச் சேர்ந்த திருபுவனைப்பாளையத்தின் பெயரும் செய்திகளில் அடிபட்டது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் மதகடிப்பட்டிலும் வில்லியனூரிலும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள் தவறாமல் மாத்திரை வாங்குகிற முதியவருக்கு எழுந்த அச்சம் தீர்ப்புக்காகக் காத்திருக்காது. ‘என் கையில் இருக்கும் அட்டை நல்லதா?’ என்று அவர் கேட்கிறார்.

அவரை முன்னிறுத்தி நான் சொல்ல விரும்புவது ஒன்றே. தன் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டியது மருந்து. குற்றம் செய்யாமல் தெருவில் நடக்கும் மனிதர் அல்லர். நம் காலம் இதைத் தலைகீழாகச் செய்கிறது.

முதலில் மருந்து. 2008 டிசம்பரில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற லோசார்டன் மருந்தை நெதர்லாந்துச் சுங்கத்துறை வழியில் தடுத்தது. அது போலி அன்று, காப்புரிமைத் தகராறு. 2010-இல் இந்தியா அதை உலக வணிக அமைப்பின் முன் கொண்டுசென்றது. போலி ஒழிப்பு என்ற பெயரில் ஏழைகளின் மலிவு மருந்து முடக்கப்படலாம் என்ற நம் அச்சம் நியாயமானது. 2017-இல் உலக சுகாதார அமைப்பு தரமற்ற மருந்து, போலி மருந்து இரண்டையும் வணிக உரிமைச் சண்டையிலிருந்து பிரித்துப் பொதுச் சுகாதாரச் சிக்கலாக வரையறுத்தது. ஐரோப்பிய மன்றத்தின் ‘மெடிகிரைம்’ உடன்படிக்கையும் போலி மருந்தைப் பொதுச் சுகாதாரத்துக்கு எதிரான குற்றமாகவே பார்க்கிறது. அது 2016-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 2008 திருத்தப்படி, உயிருக்கு ஆபத்தான போலி மருந்துக்குப் பத்தாண்டு முதல் ஆயுள் வரை சிறை. இல்லாதது, தண்டனைக்கு முன்பே தடுக்கும் ஏற்பாடு. 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்துப் பெயர்களுக்குக் கியூ.ஆர். குறியீடு கட்டாயம். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் இல்லையென்றால், நல்ல பெட்டியின் குறியீட்டையே போலிப் பெட்டியிலும் அச்சடித்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் 2019 பிப்ரவரி முதல் மருத்துவர் சீட்டில் தரப்படும் மருந்துகளின் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் உண்டு. மருந்துக் கடையில் அதை ஸ்கேன் செய்து கணக்கிலிருந்து நீக்குகிறார்கள். அதே எண் மறுமுறை வந்தால் எச்சரிக்கை எழும்.

இனி முகம். போலி மருந்து வலைப்பின்னலைப் பிடிக்கவும் முக அடையாளக் கேமரா வேண்டும் என்று யாராவது வாதிடலாம். அந்த வலை அவிழ்வது மூலப்பொருள் வாங்கிய பில்லில், பேட்ச் எண்ணில், அட்டை அச்சடித்த இடத்தில், வங்கிக் கணக்கில். கூட்டத்தில் நடக்கும் முகங்களில் அன்று. 2020-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் போலீசார் முக அடையாள மென்பொருளின் தவறான பொருத்தத்தை நம்பி, கடிகாரத் திருட்டு வழக்கில் ஒருவரை அவர் மனைவி, மகள்கள் கண்ணெதிரே கைது செய்தார்கள். அதே ஆண்டு பிரிட்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெற்கு வேல்ஸ் போலீசார் முக அடையாளக் கேமராவைப் பயன்படுத்திய முறை சட்டவிரோதம் என்றது. யாரை, எங்கே தேடுவது என்பது தனித்தனிக் காவலரின் விருப்பத்துக்கு அதிகமாக விடப்பட்டிருந்தது அதற்கு ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் பொது இடங்களில் போலீசார் நேரடியாக முகம் தேடுவதை, குறுகிய விதிவிலக்குகள் தவிர, தடை செய்துவிட்டது. நம் பக்கத்துத் தமிழ்நாட்டிலோ, 2024-இல் காவல்துறையின் முக அடையாளத் தரவுத் தளத்துக்குள்ளேயே அந்நியர் நுழைந்தனர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாட்டில், இந்தக் கருவிக்கென்று தனிச் சட்டம் இல்லை.

அமர்வுகளில் மூன்று கோரிக்கைகளை ஆராயுங்கள். ஒவ்வொரு மருந்துப் பெட்டிக்கும் தனி எண்; சிறு மருந்துக் கடைக்காரர் மீது சுமை ஏறாமல் அதைச் செய்யும் வழி. ஆய்வக முடிவுகள் தமிழில், காலதாமதமின்றி மக்களைச் சேர்தல். சட்டமும் நீதிமன்ற அனுமதியும் இல்லாமல் முக அடையாளத் தேடல் கூடாது என்ற உறுதி.

கேள்வி கேட்ட அந்த முதியவருக்குத் தெளிந்த விடை கொடுப்பது நம் கடமை. அந்தக் கடமையோடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.