பாக்கெட் மேல் நம் கையெழுத்து
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)



லோகோ வரைவதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் தொழில் தையல். பகல் பூரா மிஷின்தான். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் லோகோ வரைவேன். பிடித்திருக்கிறது, அதனால் செய்கிறேன். கொஞ்சம் வருமானமும் வருகிறது.

லோகோ எதற்கு என்று முதலில் பார்ப்போம். எங்கள் பக்கத்தில் ஒரு குழு சாம்பார் பொடி அரைக்கிறது. ஒரு வியாபாரி வெறும் கவரில் கிலோ கணக்கில் வாங்கிப் போவார். கடைக்கு வரும்போது அதில் அவர் பெயர் இருக்கும். பொடி நல்லா இருக்கு என்று சனம் சொன்னால் அந்தப் பேர் அவருக்குத்தான். விலையில் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டால், "வேற குழுகிட்ட வாங்கிக்கிறேன்" என்பார். ஏன் அப்படிச் சொல்ல முடிகிறது? சாப்பிடுகிறவருக்கு அரைத்தவர் யாரென்று தெரியாது. "இதை அரைச்சது நாங்கதான்" என்று பாக்கெட் மேல் நாம் போடும் கையெழுத்துதான் லோகோ.

படிக்கத் தெரியாதவருக்கும் அந்தக் கையெழுத்து புரிய வேண்டும். 1951-52இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது நம் நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால்தான் கட்சிகளுக்குச் சின்னம் கொடுத்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் சுவர் சுவராகத் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம் வரைந்தார்களே, அதையும் நம் பாட்டிமார் ஒரு எழுத்துப் படிக்காமலே தெரிந்துகொண்டார்கள்.

இன்னொன்று, நாம் தினமும் எழுதும் ரூபாய்ச் சின்னம். போட்டி வைத்து, வந்த வரைபடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. வரைந்தவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். இந்தி எழுத்தின் 'ர'வையும் ஆங்கிலத்தின் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து, மேலே இரண்டு கோடு வைத்தார். இன்று மளிகைக் கடை அண்ணாச்சி துண்டுச் சீட்டில் பேனாவால் இழுத்துவிடுகிறார். கையால் எழுத வருகிற அளவுக்கு எளிமையாக இருப்பதுதான் அதன் பலம்.

இதெல்லாம் நமக்கு வருமா என்று நினைக்காதீர்கள். விடியற்காலையில் வாசலில் புள்ளி வைத்து, அழிக்காமல், கை எடுக்காமல் கோலம் போடுகிறோம். இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே வர வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். லோகோவுக்கும் அதே கண்தான் வேண்டும். நான் இன்றும் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் புள்ளி வைத்துத்தான் தொடங்குகிறேன்.

பென்சில் எடுக்கும் முன் குழுவிடம் மூன்று கேள்வி கேட்பேன். என்ன பொருள்? யார் வாங்குகிறார்கள்? உங்கள் பொருளில் மற்றவரிடம் இல்லாதது என்ன? "கல் செக்கு" என்று பதில் வந்தால் செக்கை வரையலாம். "எல்லாமே நல்லா இருக்கும்" என்றால் இன்னொரு கூட்டம் போட்டுப் பேச வேண்டும். பல குழுக்கள் சாமி படம் கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். கவர் நாளைக்குக் குப்பைக்குப் போகும், கால் படும். அப்புறம் நமக்கே மனசு கேட்காது.

வரைந்த பிறகு மூன்று சோதனை உண்டு. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிறிதாக்கிப் பார்க்க வேண்டும். கறுப்பு ஒரே நிறத்தில் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். நாலு அடி தள்ளி அலமாரியில் வைத்துப் பார்க்க வேண்டும். பூமாலை வளாகமோ மதி அங்காடியோ, நம் பாக்கெட் பத்துப் பாக்கெட்டுக்கு நடுவில்தான் நிற்கும். ஐந்தாறு நிறம் போட்டால் கம்ப்யூட்டரில் ஜோராக இருக்கும், ரப்பர் ஸ்டாம்பில் ஒன்றும் தெரியாது. தமிழ் எழுத்திலும் கவனம் வேண்டும். 'ஞ', 'ண', 'ழ' இவற்றைத் தடித்த எழுத்தில் சிறிதாகப் போட்டால் உள்ளே மை அடைத்துக்கொள்ளும். முக்த மலர், பவனம், கவிவனார் போன்ற எழுத்துருக்கள் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் வரைந்தால் ஸ்டிக்கருக்கும் ஃப்ளெக்ஸுக்கும் ஒரே படம் போதும், பெரிதாக்கினாலும் உடையாது.

போனில் கான்வாவில் ரெடிமேட் படம் எடுத்து லோகோ செய்கிறார்கள் நம் பிள்ளைகள். பழகுவதற்கு நல்லது. ஆனால் அதே படத்தை ஊரில் நூறு பேர் எடுக்கலாம், அதை நம் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முடியாது. பெரிய கம்பெனி லோகோவைக் கொஞ்சம் மாற்றிப் போடுவதும் கூடாது, வழக்கு வரும். அசோகத் தூண், அரசு முத்திரை, காந்தி படம் இவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

சொந்தமாக வரைந்த சின்னத்தை வணிகச் சின்னமாகப் பதியலாம். தனிநபருக்கும் உத்யம் சான்று உள்ள சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் ஒரு பொருள் வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம், மற்றவர்களுக்கு 9,000. மசாலாப் பொடி 30ஆம் வகை, ஊறுகாய் 29, சோப்பு 3. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவான பிறகுதான். லேபிளில் லோகோ பெரிதாக வந்து, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணுக்கும் தயாரித்த தேதிக்கும் எடைக்கும் இடமில்லாமல் போய்விடக் கூடாது. பச்சை வட்டக் குறியும் கட்டாயம்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். "நீ சும்மா இருக்கிற நேரத்துலதானே வரையிற, ஒண்ணு போட்டுக் குடு" என்று கேட்கிறார்கள். பாசத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். முறுக்கு சுட்டால் கூலி, துணி தைத்தால் கூலி. வரைந்தால் மட்டும் ஏன் சும்மா? நம் வீட்டு வேலைக்கு விலை இல்லை என்று சொன்ன அதே கணக்கை நாமே இன்னொரு பெண்ணிடம் போடலாமா? ஒரு லோகோவுக்கு எனக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. நம் குழுக்களிடம் 1,500 ரூபாய் வாங்குகிறேன். இரண்டு முறை திருத்தம் அதில் சேரும். பணம் உடனே இல்லையென்றால் மூன்று தவணை. பணம் கொடுத்த குழு தைரியமாக, "இந்த இலை சரியில்லை, மாத்து" என்கிறது. சும்மா வாங்கிய குழு வாய் திறக்காமல் வாங்கிப்போய்ப் பெட்டியில் வைத்துவிடுகிறது.

அதனால் கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. லோகோ செலவைப் பாக்கெட் செலவோடு சேர்த்துத் தொழில் திட்டத்திலேயே எழுதுங்கள். எந்த வரைபடம் என்பதை எல்லா உறுப்பினரும் பார்த்து முடிவு செய்து தீர்மான நோட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போடுங்கள். சின்னத்தின் உரிமை குழுவுக்கே என்று வரைந்தவரிடம் எழுதி வாங்குங்கள், ஃபைலையும் பென்டிரைவில் வாங்கி வையுங்கள். நாளைக்கு வரைந்தவர் வேறு ஊருக்குப் போனாலும், நிர்வாகிகள் மாறினாலும் சின்னம் குழுவோடு இருக்கும்.

வரைய ஆசையுள்ள தங்கச்சிமார் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதக் கூட்டத்தன்று ஒரு மணி நேரம் முன்னால் நோட்டும் பென்சிலும் எடுத்து வாருங்கள், சேர்ந்து பழகுவோம். இன்னும் வெறும் கவரில் விற்கிற குழுக்களிலிருந்தே தொடங்குவோம்.