கண்டதைக் கொள்ளும் மனம்



காரியாபட்டிக்கு அண்மையிலுள்ள குறண்டியில் முற்காலத்தில் பெருஞ் சமணப்பள்ளி ஒன்று விளங்கியது. அப்பள்ளியின் மாணாக்கர் மதுரைச் சமணமலையில் திருமேனிகள் செய்வித்ததைக் கல்வெட்டுகள் உரைக்கின்றன. அவர்கள் வழிவந்த அறத்தில் குரங்கு மனமுடைய ஐம்பொறி உயிர். மதிஞானத்தின் படிகளைத் தத்துவார்த்த சூத்திரம் நான்காக வகுக்கிறது. அவற்றுள் இறுதியானது தாரணை, அதாவது அறிந்ததை நழுவவிடாது மனத்தில் இருத்துதல்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க ஒன்றை 1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பஸ்டரும் அலெக்சாண்டரும் கண்டனர். குரங்கு பார்த்திருக்க, இரு குழிகளுள் ஒன்றில் உணவை இட்டு மூடித் திரையை இறக்கினர். சில நொடிகள் கழித்தே திரை விலகும். காண்பதற்கு ஒன்றுமில்லாத அவ்விடைவேளையிலும் நெற்றியின் உட்புறத்து முன்மூளை நரம்பணுக்கள் ஓயாது துடித்தன. அதே ஆண்டில் ஜப்பானில் குபோட்டாவும் நிகியும் இத்தகைய துடிப்பைத் தனியே கண்டறிந்தனர்.

அந்த அணுக்கள் பற்றியிருந்தது கண்ட காட்சியையா, செய்யவிருக்கும் செயலையா? திரைமுன் இரண்டும் ஒரே திசையில் இருந்தமையால் பிரித்தறிய இயலவில்லை. 1993 இல் புனாஹஷி, கோல்ட்மன்-ராகிச் குழுவினர் எளியதோர் உத்தியால் இதனை அவிழ்த்தனர். ஒளிப்புள்ளி வலப்புறம் தோன்றி மறைந்தால், குரங்கு சற்றுப் பொறுத்து இடப்புறம் நோக்கவேண்டும். பெரும்பாலான அணுக்கள் ஒளி தோன்றிய திசையையே பற்றியிருந்தன. சில மட்டும் கண் செல்லவிருந்த திசையைப் பற்றின. பொறியுணர்வும் செயலும் அடுத்தடுத்துக் குடியிருக்கும் இடம் அது.

இவ்வறிவு வந்த வழியையும் சொல்லியாக வேண்டும். மண்டையோட்டில் துளையிட்டு நுண்கம்பி செலுத்தினர். மூளைத் திசுவுக்கு நோவுணர்வு இல்லை என்பது மெய்யே. ஆயினும் தலையை அசையாது பிணித்துப் பழக்கப்பெற்ற உயிர் அது. கண்டதை நினைவில் இருத்தவல்லது என்பதற்கு அவ்வாய்வே சான்று. மனமுண்டு என மெய்ப்பித்த கையே அதனைக் கட்டியும் வைத்தது.

நம் நாட்டின் 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் ஆய்வுகளைக் கண்காணிக்கக் குழு அமைக்க இடந்தருகிறது. நூல், உருமாதிரி, திரைப்படம் ஆகியவை கல்விக்குப் போதுமாயின் விலங்காய்வைத் தவிர்க்கவும் சொல்கிறது. பெரிய விலங்குக்கு மாற்றாக முயல், எலி, தவளை போன்ற சிற்றுயிர்களைக் கொள்ளலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அவ்விடத்தில்தான் சமணர்க்கு உடன்பாடு அரிது. முயலும் எலியும் தவளையும் ஐம்பொறி உயிர்களே.