புதுக்கடையில் ஒரு மாதம்: உயர் நீதிமன்றமும் நாமும்
(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் சட்டத்தரணியான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நான் கொழும்பில் உயர் நீதிமன்ற வழக்குகளில் தோன்றுகிறேன் என்று சொன்னால், "ஐயோ, கொலை வழக்குகளா?" என்று கேட்பவர்களே அதிகம். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கொலை வழக்கை விசாரிப்பது மேல் நீதிமன்றம். அதற்கு மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே புதுக்கடையில் இருப்பதுதான் உயர் நீதிமன்றம். சென்னையில் வாழும் சகோதரிகள் இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே உச்ச நீதிமன்றம் என்று சொல்வதையே நாம் இங்கே உயர் நீதிமன்றம் என்கிறோம்.

1801ஆம் ஆண்டு பிரித்தானியரின் சாசனத்தால் இந்த நீதிமன்றம் உருவானது. நீண்டகாலம் அதன் தீர்ப்புக்கு எதிராக லண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்குப் போகலாம் என்றிருந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த வழி மூடப்பட்டது. இன்று பிரதம நீதியரசரோடு சேர்த்துப் பதினேழு நீதியரசர்கள் வரை இருக்கலாம். 1996இல்தான் முதன்முதலாக ஒரு பெண் அங்கே நீதியரசரானார். 2011இல் அவரே முதலாவது பெண் பிரதம நீதியரசரானார். இரண்டாமவர் 2024 டிசம்பரில் பதவியேற்றார்.

அங்கே ஒரு நாளில் எடுக்கப்படும் வழக்குகளைப் பார்த்தால் நாட்டையே பார்ப்பது போலிருக்கும். ஓர் அறையில் காணிப் பிரிவினை மேன்முறையீடு நடக்கும். இன்னோர் அறையில் வேலை நீக்கம், வங்கிக் கடன், மரண சாசனம் பற்றிய வாதங்கள் நடக்கும். பாராளுமன்றத்துக்கு வந்த சட்டமூலம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணானது என்று சாதாரணப் பிரசை ஒருவர் சொல்ல வந்திருப்பார். இவை எல்லாவற்றையும் விட நம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமானது அடிப்படை உரிமை மீறல் வழக்கு. ஏனைய வழக்குகளிற் பெரும்பாலானவை படிப்படியாக ஏறி வரவேண்டும். இந்த வழக்கை நேரடியாகவே நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம்.

யார் இப்படிப் போயிருக்கிறார்கள்? எப்பாவலையில் பொஸ்பேற் அகழ்வதற்கு வெளிநாட்டுக் கம்பனியுடன் அரசாங்கம் உடன்பாடு செய்யவிருந்தபோது, அந்தப் பகுதியின் விவசாயிகளும் விகாராதிபதியும் போனார்கள். இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்று 2000ஆம் ஆண்டில் நீதிமன்றம் சொன்னது. முறையான ஆய்வுகளின்றி அந்தத் திட்டம் நகர முடியாமற் போனது.

தடுத்துவைக்கப்பட்டிருந்தபோது இறந்துபோன ஒருவரின் மனைவி போனார். பாதிக்கப்பட்டவர்தானே வழக்குப் போடலாம், அவரோ உயிருடன் இல்லையே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. மனைவி தொடரலாம் என்றது நீதிமன்றம். நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் 'உயிர் வாழும் உரிமை' என்று தனியாக ஒரு வாசகம் இல்லை. இருக்கும் வாசகங்களுக்குள்ளேயே அந்த உரிமை அடங்கியிருக்கிறது என்று 2003இல் வந்த தீர்ப்புக்கு அந்தப் பெண்ணே காரணம்.

2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி அனுப்பியதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்து அதனை நிறுத்தியது. அதே ஆண்டில்தான் முதலாம் ஆண்டு அனுமதிக்கான சுற்றறிக்கை சமத்துவ உரிமைக்கு முரணானது என்றும் தீர்ப்பளித்தது. பழைய மாணவிகள் சங்கத்தில் அனுமதிப் புள்ளிகளைப் பற்றிப் பேசாத வருடம் உண்டா? அந்தப் பேச்சுக்கும் புதுக்கடைக்கும் தொடர்பு உண்டு என்பதை நினைவில் வைத்திருங்கள்.

சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தது. வழக்கை 2015இல் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்தவர் அல்லர், தெற்கிலுள்ள சூழலியல் அமைப்பு ஒன்றின் தலைவர். 2019 ஏப்ரலில் கிடைத்த தீர்ப்பில், அங்கே மின்னுற்பத்தி செய்த நிறுவனம் கிணற்றுக்காரர்களுக்காக இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிடப்பட்டது.

பெரிய இடத்து வழக்குகளும் உண்டு. 2018 டிசம்பர் 13ஆம் திகதி, பாராளுமன்றத்தை ஜனாதிபதி கலைத்தது சட்டவிரோதம் என்று ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கில், 2023 ஜனவரியில், முன்னாள் ஜனாதிபதி தமது சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபா செலுத்த வேண்டும் என்றார்கள்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது நேர்மையாகாது. சிங்களத் தேர்ச்சி இல்லை என்று 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் அவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். உயர் நீதிமன்றமோ அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கெதிராக வழக்காட முடியாது என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. கோமறைக் கழகம் 1969இல் அது தவறென்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு உயர் நீதிமன்றமோ கோமறைக் கழகமோ விடை சொல்லவில்லை. தாமதமும் குறைதான். அடிப்படை உரிமை மனுவை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. சுன்னாகத்து வழக்குக்கு ஏறக்குறைய நான்கு வருடங்கள் சென்றன.

நீதிமன்றம் தாமதிக்கலாம், நாம் தாமதிக்க முடியாது. உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்யப்பட வேண்டும். இதைச் சொல்வதற்காகவே இன்று இங்கு வந்தேன்.

பல வருடங்களுக்கு முன் ஓர் அக்கா என்னைத் தேடி வந்தார். இதே மண்டபத்தில் காலைப் பிரார்த்தனையில் நின்றவர், எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் அவருக்கு வரவேண்டிய பதவியுயர்வு, நேர்முகத் தேர்வில் அவரைவிடக் குறைந்த புள்ளி பெற்றவருக்குப் போய்விட்டது. கடிதங்களையெல்லாம் அழகாகக் கோவைப்படுத்திக் கொண்டுவந்திருந்தார். திகதியைப் பார்த்தேன். நான்கு மாதங்கள் கடந்திருந்தன.

"ஏன் அக்கா உடனே வரேல்லை?" என்று கேட்டேன்.

"மேலதிகாரி பாத்துச் செய்யிறன் எண்டவர், தங்கச்சி. பொறுமையா இருக்க வேணுமெண்டுதானே எங்களைப் படிப்பிச்சவை" என்றார்.

எழுத்தாணை கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனோம். அந்த வழக்கு முடியுமுன் அவர் ஓய்வுபெறும் வயதை அடைந்துவிட்டார். அவருடைய முகத்தை நான் மறக்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, சிலவற்றை மனத்தில் இருத்துங்கள். அரசாங்கமோ அதன் அதிகாரிகளோ செய்த அநீதிக்கே இந்த வழக்கு. அயல்வீட்டு வேலிச் சண்டைக்கு அல்ல. மேலதிகாரிக்கு முறையீடு எழுதுங்கள், ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கும்போது மாதம் நிற்பதில்லை. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வசதியற்றவர் எழுதும் கடிதத்தையே மனுவாக ஏற்கவும் நீதிமன்ற விதிகளில் இடமுண்டு. கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து இம்மலரைப் படிப்பவர்களே, ஊரிலிருந்து ஓர் உறவினர் தொலைபேசியில் அழுதால், ஆறுதல் சொன்ன கையோடு "எந்தத் திகதியில் நடந்தது?" என்று கேளுங்கள்.

அந்த அக்கா சொன்னது உண்மைதான். இந்தப் பாடசாலை எங்களுக்குப் பொறுமையைக் கற்பித்தது. ஆனால் வேறொன்றையும் கற்பித்தது. கொப்பியின் மேல் மூலையில் திகதி எழுதாவிட்டால் எங்கள் ரீச்சர் அந்தப் பக்கத்தைத் திருத்தவே மாட்டார். எவ்வளவு சரியான விடையானாலும் திருப்பித் தந்துவிடுவார். அன்று அவர்மீது கோபம் வந்தது. புதுக்கடையில் ஒவ்வொரு மனுவையும் கையில் எடுக்கும்போது அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.