எண்ணெய் நிதியம்: சேமிப்பா, செலவா? நோர்வே மக்களின் நெடுநாள் விவாதமும் புலம்பெயர்ந்த தமிழரும்

(ஒஸ்லோவில் பெற்றோரும் இளையோரும் கூடிய கருத்தரங்கொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நோர்வேயில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் உரையாடல்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "இவ்வளவு பணம் வைத்திருக்கும் நாடு, மருத்துவமனையில் காத்திருப்போர் வரிசையைக் குறைக்க ஏன் அதை எடுப்பதில்லை?" என்பதே அது. கேள்வியில் நியாயம் உண்டு. எண்ணெய் நிதியம் என மக்கள் அழைக்கும் அரச ஓய்வூதிய நிதியத்தின் பெறுமதி 2025 ஆம் ஆண்டில் 20,000 பில்லியன் குரோணரைக் கடந்தது. தமிழ்க் கணக்கில் இது 20 இலட்சம் கோடி. நாட்டில் வாழும் ஏறத்தாழ 56 இலட்சம் மக்களுக்கும் சமமாகப் பங்கிட்டால், நேற்றுப் பிறந்த குழந்தை முதல் முதியோர் இல்லத்திலிருக்கும் பாட்டி வரை ஒவ்வொருவர் பங்கிலும் 35 இலட்சம் குரோணர் வரும்.

ஆனால் அந்தப் பங்கை எவரும் கேட்டுப் பெற முடியாது. நிதியத்தின் பெயரில் ஓய்வூதியம் என்ற சொல் இருப்பினும், தனிமனிதர் எவருக்கும் அதில் கணக்கு இல்லை. அதிலிருந்து எவ்வளவு எடுப்பது, எதற்குச் செலவிடுவது என்பதை ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தின் வழியாக நாடாளுமன்றமே தீர்மானிக்கின்றது. ஆகவே இது பொருளியல் அறிஞர்களுக்கு மட்டும் உரிய விடயம் அன்று. வாக்குரிமையுள்ள ஒவ்வொருவருக்கும் உரிய விடயமாகும்.

விதிமுறை பிறந்த வரலாறு

1969 ஆம் ஆண்டின் இறுதியில் வடகடலின் எக்கோபிஸ்க் பகுதியில் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. 1971 இல் உற்பத்தி தொடங்கியது. 1972 இல் ஸ்ராத்தொயில் என்னும் அரச எண்ணெய் நிறுவனம் நிறுவப்பட்டது. கடலடியில் உள்ள வளம் மக்கள் அனைவர்க்கும் உரியது என்னும் கொள்கையில் கட்சிகளிடையே பெரும் வேறுபாடு இருக்கவில்லை. நீர்வீழ்ச்சிகளில் இருந்து பெறும் மின்சாரத்தைப் பொதுவுடைமையாகப் பேணும் சட்டங்களை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயற்றிய நாடு இது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

எனினும் தொடக்கம் முதலே நோர்வே சிக்கனமாக நடந்துகொண்டது என எண்ணுவது தவறாகும். 1970 களில், வரவிருக்கும் எண்ணெய் வருமானத்தை நம்பி அரசு பெருமளவில் செலவிட்டது; கடனும் பட்டது. விலையும் சம்பளமும் கட்டுக்கடங்காது உயர்ந்தமையால் 1978 இல் அரசு இரண்டையும் சட்டத்தால் உறைய வைக்க நேர்ந்தது. 1986 இல் எண்ணெய் விலை வீழ்ந்தபோது அரசாங்கம் மாறியது. குரோணரின் மதிப்பும் குறைக்கப்பட்டது. அடிபட்ட பின்னரே பாடம் கற்கப்பட்டது எனலாம்.

1983 இல் ஹெர்மொட் ஸ்கோன்லாந் தலைமையிலான குழு, எண்ணெய் வருமானத்தைத் தனியான நிதியம் ஒன்றில் இடும்படி பரிந்துரைத்தது. அதற்கான சட்டம் 1990 இல் நிறைவேறியது. முதலாவது வைப்பு 1996 இல் இடப்பட்டது. அதன் தொகை ஏறத்தாழ 2 பில்லியன் குரோணர் மட்டுமே.

2001 இல், யென்ஸ் ஸ்ரொல்தென்பெர்க்கின் முதலாவது அரசாங்கக் காலத்தில், செலவுக்கான விதிமுறை வகுக்கப்பட்டது. மூலதனத்தைத் தொடாது, அதிலிருந்து எதிர்பார்க்கப்படும் மெய்யான வருவாயை மட்டும் காலப்போக்கில் செலவிடலாம் என்பதே அதன் சாரம். அந்த வருவாய் அப்போது 4 வீதம் எனக் கணிக்கப்பட்டது. 2017 இல் 3 வீதமாகக் குறைக்கப்பட்டது. தாயகத்து உழவர் விதைநெல்லைத் தனிக் கோர்க்காலியில் கட்டி வைப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. பஞ்ச காலத்திலும் விதைநெல்லை அவிப்பதற்கு உழவர் மனம் ஒப்பாது. விளைந்ததை உண்ணலாம், விதைநெல் அடுத்த போகத்திற்கு உரியது.

நிதியம் முழுவதும் வெளிநாடுகளிலேயே முதலிடப்படுகின்றது. எண்ணெய்ப் பணம் முழுவதும் உள்நாட்டில் பாய்ந்தால் விலைகள் உயரும்; நாணய மதிப்பு ஏறும்; மீன், உலோகம், கப்பல் முதலிய ஏற்றுமதித் தொழில்கள் நலிவடையும். இயற்கை எரிவாயு கண்டறியப்பட்ட பின் நெதர்லாந்தில் நேர்ந்த இந்நிலையைப் பொருளியலாளர் ஒல்லாந்த நோய் என அழைப்பர்.

மக்கள் கூறிய கருத்துகள்

இவ்விதிமுறை எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. 2001 மார்ச்சில் அது முன்வைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில் நடந்த தேர்தலில் தொழிற்கட்சி 24.3 வீத வாக்குகளை மட்டுமே பெற்று ஆட்சியை இழந்தது. அதற்குக் காரணங்கள் பல. ஆயினும், நாடு செல்வத்தில் மிதக்கையில் வரி ஏன் இவ்வளவு, முதியோர் ஏன் காத்திருக்க வேண்டும் என்ற மனக்குறை அக்காலத்தில் பரவலாக இருந்தது. கார்ல் ஈ. ஹாகன் தலைமையிலான முன்னேற்றக் கட்சி இக்குறைக்குக் குரல் கொடுத்தது. வீதி, தொடருந்துப் பாதை, மருத்துவமனை ஆகியவற்றுக்கு இடும் பணம் செலவு அன்று, அதுவும் முதலீடே என்பது அதன் வாதம். 2005 இல் அக்கட்சி 22 வீத வாக்குகளைப் பெற்றது.

இரண்டாவது கருத்து இடதுசாரிகளுடையது. வரிக்குறைப்பு வேண்டாம், பாடசாலைகளுக்கும் சிறுவர் பூங்காக்களுக்கும் பொதுப் பணிகளுக்கும் கூடுதலாகச் செலவிடுக என அவர்கள் கோரினர். 1998 இல் தொடங்கிய பண உதவித் திட்டமும் இதே விவாதத்தின் ஒரு கூறாகும். சிறு குழந்தையை வீட்டில் வளர்க்கும் பெற்றோருக்குப் பணமாகக் கொடுப்பதா, அல்லது எல்லாக் குழந்தைக்கும் சிறுவர் பூங்காவில் இடம் கொடுப்பதா என்று நாடே வாதிட்டது. 2009 இல் சிறுவர் பூங்கா இடம் சட்டப்படியான உரிமையாயிற்று. 2025 ஓகஸ்ட்டில் அதற்கான மாதக் கட்டணத்தின் உச்சவரம்பு 1,200 குரோணராகக் குறைக்கப்பட்டது. இன்று பிள்ளையைச் சிறுவர் பூங்காவிற்கு அனுப்பும் தமிழ்த் தாய், அந்த வாதத்தின் பயனையே அனுபவிக்கின்றார்.

மூன்றாவது கருத்து அறம் சார்ந்தது. இப்பணம் எங்கே முதலிடப்படுகின்றது என்று மக்கள் கேட்டனர். அதன் விளைவாக 2004 இல் நிதியத்திற்கு அறநெறிக் கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. கொத்துக்குண்டு, அணுவாயுதம் ஆகியவற்றுடன் தொடர்புடைய நிறுவனங்களும் மனித உரிமைகளை மோசமாக மீறும் நிறுவனங்களும் விலக்கப்பட்டன. 2022 இல் உக்ரெய்ன் மீது ரஷ்யா படையெடுத்ததும் எரிவாயு விலை உச்சத்தை அடைந்து நோர்வேயின் வருமானம் பெருகியபோது, பிறர் துயரத்தில் வந்த பணம் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. 2023 இல் நாடாளுமன்றம் உக்ரெய்னுக்கு ஐந்து ஆண்டுகளில் 75 பில்லியன் குரோணர் வழங்க ஒருமனதாக இசைந்தது. பின்னர் அத்தொகை பெரிதும் உயர்த்தப்பட்டது. 2025 இல் இஸ்ரேலிய நிறுவனங்களில் இருந்த முதலீடுகள் குறித்து எழுந்த சர்ச்சை தேர்தல் காலத்தின் முதன்மையான பேசுபொருள்களுள் ஒன்றாயிற்று.

நான்காவது கருத்து அண்மைக் காலத்தில் வலுப்பெற்றது. செலவிடுவது குறைவு என்பதல்ல, மிக அதிகம் என்பதே அது. "மிகையாகச் செல்வம் பெற்ற நாடு" என்னும் பொருள்படும் தலைப்பில் மார்ட்டின் பெக் ஹொல்த 2025 இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பரவலாக்கியது. கணக்கும் இதற்கு இடமளிக்கின்றது. 2001 இன் முடிவில் நிதியம் ஏறத்தாழ 600 பில்லியன் குரோணர். அதன் 4 வீதம் 24 பில்லியன். இன்று 20,000 பில்லியனின் 3 வீதம் 600 பில்லியன். அன்று நிதியம் முழுவதுமாக இருந்த தொகையை இன்று ஓராண்டிலேயே செலவிட விதிமுறை இடமளிக்கின்றது. அரச செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இப்போது நிதியத்தில் இருந்தே வருகின்றது.

இவ்விவாதத்தில் கவனிக்கத்தக்க திருப்பம் ஒன்று உண்டு. விதிமுறையைக் கடுமையாகச் சாடிவந்த முன்னேற்றக் கட்சி 2013 இல் ஆட்சியில் பங்கேற்றது. அதன் தலைவி சீவ் யென்சன் நிதியமைச்சரானார். அவரது காலத்திலேயே 4 வீதம் 3 வீதமாகக் குறைக்கப்பட்டது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்து பார்க்கையில் வேறொன்றாகத் தெரிந்த பெட்டகம், சாவி கைக்கு வந்ததும் பொறுப்பாகத் தெரிந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியை நோர்வேயின் எல்லாக் கட்சிகளும் தத்தம் மொழியில் கற்றுக்கொண்டன போலும்.

நிதியம் வளர்ந்துகொண்டே போகும் என்பதற்கும் உறுதியில்லை. 2008 இல் அது 633 பில்லியன் குரோணரையும், 2022 இல் 1,637 பில்லியன் குரோணரையும் இழந்தது. பின்னர் மீண்டது. பள்ளத்தில் விழுந்த ஆண்டில் விற்று உண்ணாமல் இருந்தமையே மீட்சிக்குக் காரணமாகும்.

தாயகம் கண்ட பாடம்

இலங்கைக்கும் ஒரு காலத்தில் மிகை வருமானம் வந்தது. 1950 இல் மூண்ட கொரியப் போரினால் இறப்பரின் விலை உயர்ந்து அந்நியச் செலாவணி பெருகியது. அரிசி மானியமும் ஏனைய செலவுகளும் அந்த வருமானத்தை நம்பித் தொடர்ந்தன. விலை வீழ்ந்ததும் 1953 இல் ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலையை அரசு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது; உயிர்கள் பலியாயின; சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அதன் பின்னர் மக்களிடம் கணக்கை வெளிப்படையாகக் கூறும் துணிவு ஆட்சியாளர்க்கு அரிதாயிற்று. போரும் கடனும் சேர்ந்தன. 2019 இன் இறுதியில் பெரும் வரிக்குறைப்பு வந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என இலங்கை அறிவித்தது.

வறிய நாட்டையும் செல்வ நாட்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. ஏழை வீட்டில் பிள்ளை பசித்திருக்கையில் சேமிப்பைப் பற்றிப் பேசுவது எளிதன்று. ஆயினும் ஓர் உண்மை இரு நாடுகளுக்கும் பொது. மிகைப் பணம் வரும்போதே அதற்கான விதியை எல்லோரும் அறிய வகுத்துக்கொள்ளாவிடில், பணம் நிற்கும் நாளில் அதன் சுமை எளியவர் தலையிலேயே விழும்.

தமிழர்க்கு இதில் என்ன பங்கு?

1956 இல் அந்தோனி இராஜேந்திரம் நோர்வேயை அடைந்ததிலிருந்து தமிழரின் வரலாறு இங்கு தொடங்குகின்றது. 1980 களில் வந்த இளைஞர் பலர் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று உழைத்தனர். நாட்டின் செல்வம் எண்ணெயினால் மட்டும் ஆனதன்று. உழைப்போர் செலுத்திய வரியும் அதில் உண்டு. எண்ணெய்ப் பணத்தை அப்படியே உண்ணாமல் சேமிக்க முடிந்ததற்கு அந்த வரியே துணையாயிற்று.

அந்தத் தலைமுறை இப்போது முதுமையை எட்டுகின்றது. முழுமையான அடிப்படை ஓய்வூதியம் பெறுவதற்கு 40 ஆண்டுகள் நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். முப்பத்தைந்து வயதில் வந்தவர்க்கு அந்த எண்ணிக்கை நிறையாது. குறுகிய காலம் வாழ்ந்த முதியோர்க்கென 2006 இல் உதவித் திட்டம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. எனினும் அது குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்தே வழங்கப்படும். பணத்தைக் காட்டிலும் பெரியது மொழிச் சிக்கல். மறதி நோய் வந்த முதியவர் பிற்காலத்தில் கற்ற நோர்வேமொழியை முதலில் இழந்து, தாய்மொழிக்கே திரும்புவது மருத்துவர் பலரும் கண்ட உண்மை. தமிழ் பேசும் பராமரிப்பாளர் இன்றி ஒரு முதியோர் இல்லத்தில் அவர் எவ்வாறு தன் வலியைச் சொல்வார்?

இங்கேதான் பெற்றோரின் நலனும் இளையோரின் நலனும் மோதுவதுபோல் தோன்றும். இன்று கூடுதலாக எடுத்து முதியோரைப் பேண வேண்டும் என்பது ஒரு பக்கம். எண்ணெய் குறையும் காலத்தில், 2050 இல், வரி செலுத்தப்போகும் பிள்ளைகளுக்கு நிதியம் எஞ்ச வேண்டும் என்பது மறுபக்கம். ஆனால் இரண்டும் பகையல்ல. எவ்வளவு எடுப்பது என்பதற்கு விதி உண்டு. எடுப்பதை எதற்கு முதலில் கொடுப்பது என்பதில்தான் குரல் வேண்டும். அந்த வரிசையில் தமிழ் முதியோரின் பராமரிப்பு இடம்பெற வேண்டுமெனில், அதை எவரேனும் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வழிகள் உண்டு. சிறுவர் பூங்கா, தொடக்கப் பாடசாலை, முதியோர் பராமரிப்பு ஆகிய மூன்றும் நகரசபையின் பொறுப்பில் உள்ளவை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த வெளிநாட்டவரும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். அடுத்த தேர்தல் 2027 இல் நடைபெறவுள்ளது. சட்ட மாற்றங்கள் மீதான பொதுக்கருத்துக் கேட்பில் தனிமனிதரும் சங்கங்களும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். 2020 சனவரி முதல் நோர்வே இரட்டைக் குடியுரிமையை ஏற்கின்றது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் இங்கு வந்த கம்ஷாஜினி குணரத்தினம் 2015 இல் ஒஸ்லோவின் துணை நகரபிதாவாகவும், 2021 இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தெரிவானமை, கதவு மூடியிருக்கவில்லை என்பதற்குச் சான்று.

பெற்றோர்களே, வீட்டில் இவ்விவாதம் நடக்கும்போது பிள்ளைகளை விலக்கி வைக்காதீர்கள். இந்த நாட்டின் கணக்கை அவர்கள் பாடசாலையில் கற்கின்றனர். இளையோர்களே, பெற்றோர் அறியாத மொழியில் வரும் வரவுசெலவுத் திட்டத்தை அவர்களுக்குத் தமிழில் விளக்குங்கள். அவர்கள் கண்ட பஞ்சமும் பங்கீட்டு அட்டையும் எப்பாடநூலிலும் இல்லாதவை. விதைநெல்லைக் காப்பதும் பசித்தவர்க்குச் சோறிடுவதும் ஒரே வீட்டின் இரு கடமைகள். எதற்கு எவ்வளவு என்பதை அந்த வீட்டார் அனைவரும் கூடியிருந்தே தீர்மானித்தல் வேண்டும். நோர்வே என்னும் இவ்வீட்டில் தமிழரும் இன்று வீட்டாரே அன்றி விருந்தினர் அல்லர்.