பின்பக்கம் எவ்வளவு உயர வேண்டும்?

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், வவுனியாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே பழைய காரின் ஸ்பிறிங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் எம்மிற் பலருடைய வீட்டுக் கொட்டிலில் ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜோ இன்றும் நிற்கிறது. விடுமுறைக்கு ஊர் வருகிறவர்களுக்கு "அப்பாவின் காரை ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்ற ஆசை இருக்கிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ எம்.ஜி. போன்ற பழைய விளையாட்டுக் காரை ஆசையோடு வைத்திருப்பவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: காரின் பின்பக்கம் பதிந்து நிற்கிறதே, அல்லது வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, எது சரியான உயரம்?

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகொனிஸ். 1948 இல் லண்டன் கார்க் கண்காட்சியில் அறிமுகமான இது, பத்து இலட்சத்தைத் தாண்டிய முதற் பிரித்தானியக் கார் என்ற பெயரைப் பெற்றது. இதன் முன்பக்கத்தைத் தாங்குவது முறுக்குத் தண்டு. பின்பக்கத்தைத் தாங்குவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருக்குத் தகடுகளாலான வில். 1962 இல் வந்த எம்.ஜி.பி. விளையாட்டுக் காரின் பின்பக்கமும் இதே முறைதான்: குறுக்கே ஒரே அச்சு, இரு பக்கமும் ஒவ்வொரு தகட்டு வில். ஆகவே வவுனியாவில் மைனருக்குச் சொல்வது லண்டனில் எம்.ஜி.க்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எமது மண்ணிலே இந்தக் கார்கள் பட்ட பாடு தனிக்கதை. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமற் போனபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோல் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து, அதில் பெருந்தொகையானோர் பின்னர் வன்னிக்கு வந்தார்கள். நான்கு பேருக்கென்று செய்த காரிலே அம்மம்மாவும் பிள்ளைகளும் அரிசி மூட்டையும் பாயும் தலையணையும் ஏறின. அத்தகைய பாரத்துக்கு வில் தாங்காது என்பதால் மேலதிகமாக ஒரு தகடு, சிலவேளை இரண்டு தகடு போடுவது கராச்சுகளில் வழக்கமாயிற்று. அந்த நேரத்துக்கு அது சரியான வேலை. அந்தத் தகடு இல்லாவிட்டால் எத்தனையோ பேர் நடந்தே வந்திருப்பார்கள்.

இன்று பாரம் இறங்கிவிட்டது. தகடு இறங்கவில்லை. இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

ஊக்கின் விதியை எல்லோரும் படித்தோம். மீள்தன்மை எல்லைக்குள், வில் வளையும் அளவு அதன்மேலுள்ள பாரத்துக்கு விகிதசமமானது. தகட்டு வில்லுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதன் விறைப்பு தகடுகளின் எண்ணிக்கையோடு கூடும். தடிப்போடு கூடுவதோ மும்மடியாக. 6 மில்லிமீற்றர்த் தகடுகளுக்குப் பதிலாக 7 மில்லிமீற்றர்த் தகடுகளைப் போட்டால் விறைப்பு ஏறத்தாழ 60 வீதம் கூடிவிடும். பாரமில்லாத காரை அப்படி விறைத்த வில் உயர்த்திப் பிடிக்கும். பள்ளத்திலே பின்சில்லு துள்ளும். துள்ளுகிற சில்லுக்கு வீதியிலே பிடி இல்லை. மழை நாளில் பிறேக் பிடிக்கும்போது அதன் விளைவு தெரியும். வால் உயர்ந்தால் முன்சில்லுகளின் சாய்கோணமும் மாறி, ஸ்ரேறிங் தானாக நேருக்கு வரும் இயல்பு குறையும். மறுபுறம், தளர்ந்த வில்லால் பின்பக்கம் பதிந்தால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். ஏ9 வீதியில் இரவிலே எதிரே வருகிறவரின் கண் கூசும். குழியில் விழும்போது அச்சு அடித்தளத்தில் இடிக்கும்.

உயரத்தை யோசிக்காமல் மாற்றுவது தொழிற்சாலையையும் விட்டுவைக்கவில்லை. 1974 இன் பிற்பகுதியில், அமெரிக்கச் சட்டம் கேட்ட விளக்கு, பம்பர் உயரங்களுக்காக எம்.ஜி.பி. காரை ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். வளைவுகளில் அது முன்னையிலும் கூடச் சாய்ந்தது. பின்னர் 1977 ஆம் ஆண்டு மாதிரிகளில் சாய்வைத் தடுக்கும் தண்டுகளை முன்னும் பின்னும் பூட்டித்தான் அதைத் திருத்தினார்கள்.

ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அளவுங்கள். காரைச் சமதளமான சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். நான்கு ரயர்களுக்கும் கைநூலிற் சொன்ன அளவு காற்று அடியுங்கள். பின் பம்பரை இரண்டு மூன்று தரம் அமுக்கி விட்டு, காரை முன்னும் பின்னும் சற்று உருட்டி, வில் தன்னிலைக்கு வர விடுங்கள். பின்பு சில்லின் நடுமையத்திலிருந்து நேர்மேலே மட்காட் விளிம்பு வரை அளவுங்கள். தரையிலிருந்து அளந்தால் ரயரின் தேய்மானமும் கணக்கிலே சேர்ந்துவிடும். நான்கு சில்லுக்கும் நான்கு எண். பின்பு வழமையாக அந்தக் காரில் போகிறவர்களை இருத்தி மறுபடியும் அளவுங்கள். கார் எந்தப் பாரத்தோடு ஓடுமோ, அந்தப் பாரத்தோடு நிற்கும் உயரந்தான் முக்கியம்.

ஒரு பக்கம் மட்டும் பதிந்திருந்தால் உடனே அந்தப் பக்கத்து வில்லைக் குறை சொல்லக்கூடாது. முன்பக்கத்து முறுக்குத் தண்டு ஒன்று தளர்ந்தாலும் பின்பக்கம் சாயும். முன்பக்கத்தை நடுவில் ஒரே இடத்தில் ஜக் வைத்துத் தாங்கிப் பாருங்கள். அப்பொழுதும் பின்பக்கம் சாய்ந்தே நின்றால் குற்றம் பின்பக்கத்தில். உடைந்த தகடு உண்டா, வில் பூட்டும் இடத்தில் உடல் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மைனரில் அந்த இடம் துருவுக்குப் பேர்போனது. சொக் அப்சோபரை மாற்றினால் உயரம் வரும் என்று சொல்வதும் இவ்வகைக் கார்களுக்குச் சரியல்ல. அது ஆட்டத்தை அடக்குமேயன்றிப் பாரத்தைத் தாங்காது.

திருத்தும் வழிகள் மூன்று. மேலதிகத் தகடு இருந்தால் அதைக் கழற்றுவது முதலாவது. தளர்ந்த வில்லைக் குளிர்நிலையிலேயே தட்டி மறுபடி வளைப்பது, அல்லது புதிதாக வாங்குவது இரண்டாவது. இரு பக்கத்தையும் சோடியாகவே செய்ய வேண்டும். காஸ் விளக்கால் தகட்டைச் சூடாக்கி வளைக்க விடாதீர்கள். உருக்கின் பதம் போய், சில மாதங்களில் மீண்டும் பதியும். மூன்றாவது, இந்தக் கார்களில் வில்லுக்கும் அச்சுக்கும் இடையில் கட்டை வைத்துப் பின்பக்கத்தைப் பதிப்பது, அல்லது வில்லின் நுனியிலுள்ள தொங்கு இணைப்பை நீட்டி உயர்த்துவது. இணைப்பை 2 அங்குலம் நீட்டினால் அச்சிடத்தில் ஏறத்தாழ 1 அங்குலமே உயரும். அதோடு அச்சின் கோணமும் திரும்பும். ஆகவே இது சிறு திருத்தத்துக்கு மட்டுமே.

வேலை முடிவிலே ஒரு சிறு விடயம். றபர் புஷ்களின் போல்ற்றுகளைக் கார் தொங்கும்போது இறுக்கக்கூடாது. சில்லுகள் தரையில் நின்று பாரம் ஏறிய பின்பே இறுக்க வேண்டும். இல்லையேல் றபர் முறுகியபடியே இருந்து உயரத்தையும் பிழையாகக் காட்டும், விரைவில் கிழிந்தும் போகும். சில நாள் ஓடியபின் வில்லை அச்சோடு பிடிக்கும் வளைபோல்ற்றுகளை மறுபடி இறுக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கடியிலே போக வேண்டாம். கைப்பிறேக் பிடிப்பது பின்சில்லுகளை. அவை மேலே நிற்கும்போது அது உதவாது. முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, உறுதியான முட்டுக் கொடுத்த பின்பே அடியில் இறங்குங்கள்.

சகோதரிகளே, "பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏன்?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அளவு நாடாவும் எடுத்தெழுத ஒரு கொப்பியும் இருந்தால் இந்த வேலையின் பாதி முடிந்துவிடும். அந்தப் பழக்கத்தை எமக்குத் தந்தது இந்தப் பாடசாலையின் விஞ்ஞானகூடம். இடம்பெயர்ந்த நாட்களில் போட்ட தகட்டை நன்றியோடு கழற்றி, ஒரு மூலையில் பத்திரமாக வையுங்கள். அது எம் குடும்பங்களைச் சுமந்த தகடு. ஆனால் இன்று பின் ஆசனத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஏற்றபடி காரைச் சரிசெய்யுங்கள். அடுத்தமுறை கராச்சுக்குப் போகும்போது "கொஞ்சம் தூக்கிவிடுங்கோ" என்று சொல்லாமல், அளந்தெழுதிய எண்களைக் கையிலே கொண்டு போங்கள்.